காரின் கணக்குப்பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாட்டுங்காவிலுள்ள நமது கிளைக்குத் தனிநபர் கடன் கேட்டு வருவோரிடம் நாம் முதலில் கேட்பது, "என்ன செலவுக்காக?" என்பதுதான். திருமணம், மருத்துவம், வீட்டுப் பழுது, பிள்ளைகளின் படிப்பு என்று விடைகள் பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பவையாகவே இருக்கும். சென்ற மழைக்காலத்தில் செம்பூரிலிருந்து வந்த ஓர் இளைஞர், "ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், சார்" என்றார். அவர் கேட்ட தொகை ரூ.1,85,000. மடிக்கணினிக்கு இவ்வளவா என்று நாம் வியந்ததைக் கண்டு, "வீட்டுக்கு இல்லை சார், காருக்கு" என்று விளக்கினார்.

அவர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தந்தை தோல்பை தைக்கும் தொழில் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மகன் இன்று ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குத் துறையில் பணிபுரிகின்றார். பெற்றோர், மனைவி, மூன்று வயதுக் குழந்தை ஆகியோருடன் செம்பூரில் வாடகை வீட்டில் வசிக்கின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நமது கிளையின் வாகனக் கடனில், 2016ஆம் ஆண்டு தயாரான பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஒன்றை வாங்கினார். அக்கடனில் இன்னும் ஓராண்டுத் தவணை பாக்கி இருந்தது.

புனேயை அடுத்த சாக்கனில் உருவான இக்காரின் டர்போ வகை 2013இல் விற்பனைக்கு வந்தது. 1.2 லிட்டர் என்ஜின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர்கள் கொண்ட தானியங்கிக் கியர்பெட்டி ஆகியவை இதன் இயல்புகள். 2022இல் போலோவின் உற்பத்தி இந்தியாவில் நின்றுவிட்டது. ஆயினும் ஓட்டுவதில் ஆர்வமுள்ளோர் இதனை இன்றும் தேடி வாங்குகின்றனர். நம் இளைஞருக்கு இதன் திறனை 130 வரை உயர்த்த வேண்டும் என்பது ஆசை. பெரிய ஆசை அன்று. ஆனால் அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழி பெரிது. தொழிற்சாலை பொருத்திய கணினியைக் கழற்றிவிட்டு, பந்தயக் கார்களில் வைக்கும் தனிக் கணினி ஒன்றைப் பொருத்த எண்ணினார்.

வணிகவியல் படித்துவிட்டு இருபது ஆண்டுகளாக வங்கிப் பேரேடுகளோடு வாழும் நமக்கு என்ஜின் நுட்பம் தெரியாது. எனினும், பயன் தெரியாத செலவுக்குக் கடன் வழங்குவது வங்கிக்கும் நல்லதன்று, வாடிக்கையாளருக்கும் நல்லதன்று. ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். வங்கி விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமையன்று, அவர் "அண்ணாச்சி" என்று அழைக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரின் தாராவிப் பணிமனைக்கு அவருடனேயே சென்றோம். அங்கு அறிந்தவற்றையும் பின்னர் படித்துத் தெளிந்தவற்றையும் இங்கே வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்கின்றோம். இன்று சிறு கார்களிலும் டர்போ என்ஜின்கள் வந்துவிட்டன. ஆகவே, இக்கேள்வி நாளை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தும் எழக்கூடும்.

கணக்குப்பிள்ளை செய்யும் வேலை

என்ஜினுக்குள் செல்லும் காற்று எவ்வளவு, அதற்கு எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்ற மூன்றையும் கணக்கிடுவதே இக்கணினியின் வேலை. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுழலும்போது ஒரு நொடிக்கு 200 தீப்பொறிகள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

கணக்கிடும் முறை நம் வங்கிகளில் முன்பு கையாண்ட வட்டி அட்டவணையைப் போன்றதே. அசலை ஒரு பக்கமும் காலத்தை மறுபக்கமும் பார்த்து, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் வட்டியைக் காண்போம் அல்லவா? இங்கே ஒரு பக்கம் என்ஜினின் சுழற்சி வேகம். மறுபக்கம் காற்றின் அழுத்தம். 16 வரிசையும் 16 பத்தியும் உள்ள அட்டவணையில் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெட்ரோலின் அளவு எழுதப்பட்டிருக்கும். தீப்பொறியின் நேரத்திற்கு இன்னோர் அட்டவணை, டர்போ அழுத்தத்திற்கு மற்றொன்று எனப் பல உண்டு. இந்த அட்டவணைகளை மெக்கானிக்குகள் "மேப்" என்கின்றனர்.

டர்போ இல்லாத என்ஜின் தானாக இழுக்கும் காற்றோடு நிறைவடைகின்றது. டர்போவோ, வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மூலம் கூடுதல் காற்றை உள்ளே திணிக்கின்றது. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல். அதனால் கூடுதல் திறன். ஆனால் கணக்குப் பிழைத்தால் விளைவும் கடுமையாக இருக்கும். பெட்ரோல் குறைந்தாலோ, தீப்பொறி முந்தினாலோ, கலவை தன் போக்கில் வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். இதனையே "நாக்கிங்" என்பர். அவ்வெடிப்பின் அதிர்வைக் கேட்டறிய என்ஜினில் ஓர் உணரி உண்டு. தணிக்கையாளரைப் போன்ற அவ்வுணரி எச்சரித்தவுடன் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி என்ஜினைக் காக்கின்றது.

பெட்ரோலின் தன்மையும் கணக்கில் சேரும். தூய பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடை அளவில் 14.7 பங்கு காற்று தேவை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5 பங்குதான். அதாவது அதே காற்றுக்குச் சற்றுக் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டும். வெளிநாட்டில் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதப்பட்ட மேப்பை அப்படியே இங்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

மூன்று வழிகள்

அளவாகத் திறன் கூட்ட விரும்புவோர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பிக்கிபேக் எனப்படும் இடைப்பெட்டி. இது உணரிக்கும் கணினிக்கும் நடுவே அமர்ந்துகொண்டு, டர்போ அழுத்தத்தை உண்மையினும் குறைவாகக் கணினிக்குச் சொல்கின்றது. அதை நம்பிய கணினி அழுத்தத்தைக் கூட்டுகின்றது. விலை குறைவு, வேண்டாதபோது கழற்றிவிடலாம். ஆனால் கணக்குப்பிள்ளைக்குப் பொய்க் கணக்குக் காட்டி வேலை வாங்கும் முறை இது. உண்மை அழுத்தம் எவ்வளவு என்பது கணினிக்குத் தெரியாததால், அது கட்டும் பாதுகாப்பு வேலியும் தவறான இடத்தில் நிற்கும்.

இரண்டாவது, ரீமேப். தொழிற்சாலைக் கணினி அப்படியே இருக்கும்; ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனைச் சொருகி வழியாகவோ, கணினியைக் கழற்றி மேசையில் வைத்தோ, அதன் அட்டவணைகளை மட்டும் திருத்துவர். நாக்கிங் உணரி, கியர்பெட்டி, பிரேக் கட்டுப்பாடு, திருட்டுத் தடுப்புப் பூட்டு ஆகிய அனைத்தும் முன்போலவே இயங்கும். இவ்வகை என்ஜினில் 130 குதிரைத்திறனை ஒட்டிய அளவு இம்முறையிலேயே எட்டக்கூடியது.

மூன்றாவது, நம் இளைஞர் விரும்பிய தனிக் கணினி. ஆஸ்திரேலியாவின் மோடெக், ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் முதலியவை இத்துறையில் பெயர் பெற்றவை. மெகாஸ்கொயர்ட், ஸ்பீடுயினோ போன்றவை ஆர்வலர்கள் தாமே பொருத்திக் கற்றுக்கொள்ள ஏற்ற, விலை குறைந்த வகைகள். இவற்றில் எல்லா அட்டவணைகளும் நம் கையில் இருக்கும். அதே காரணத்தால் எல்லாப் பொறுப்பும் நம்முடையதே. பெட்டி வெறுமையாக வரும். 256 கட்டங்களையும் ஒருவர் நிரப்பியாக வேண்டும்.

மதிப்பீட்டில் விடுபட்டவை

இளைஞர் கொண்டுவந்த மதிப்பீட்டில் நான்கு இனங்கள் இருந்தன: கணினி ரூ.95,000, வயரிங் ரூ.30,000, உணரிகள் ரூ.20,000, மேப் எழுதும் கூலி ரூ.40,000. அண்ணாச்சி அதனை வாங்கிப் படித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "தம்பி, இந்த என்ஜின் பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீச்சுகிற ரகம். அந்த இன்ஜெக்டரைத் திறக்கவே அறுபது வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்கான டிரைவர் பெட்டி இந்தத் தாளில் எங்கே இருக்கிறது?"

இளைஞரிடம் விடை இல்லை. அடுத்த கேள்வி கியர்பெட்டி பற்றியது. இக்காரின் தானியங்கிக் கியர்பெட்டி ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும், விசையைச் சற்றுக் குறைக்கும்படி என்ஜின் கணினியைக் கேட்கின்றது. சறுக்கலைத் தடுக்கும் அமைப்பும் அவ்வாறே கேட்கின்றது. புதிதாக வரும் கணினிக்கு அம்மொழி தெரியாவிட்டால் கார் நகர்வதே அரிது. விலை உயர்ந்த சில தனிக் கணினிகள் இவற்றைச் சமாளிக்கக்கூடும். ஆனால் அதற்கான விலையும் உழைப்பும் இம்மதிப்பீட்டில் இல்லை. மேலும் அக்கியர்பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்குவிசைக்கே வடிவமைக்கப்பட்டது. எவ்வளவு விலையுயர்ந்த கணினியாலும் அந்த வரம்பை உயர்த்த இயலாது.

நாமும் நம் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டோம். ரூ.1,85,000 தொகையை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.6,145. மொத்தம் செலுத்துவது ரூ.2,21,200 அளவில். வட்டி மட்டும் ரூ.36,000க்கு மேல். இதற்கு ஈடாகக் கிடைப்பது 25 குதிரைத்திறன். மும்பை–புனே விரைவுச் சாலையிலேயே கார்களுக்கான வேக வரம்பு 100 கி.மீ.தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட இளைஞரை யோசிக்க வைத்தது அண்ணாச்சியின் கடைசிக் கேள்வி. "பொங்கலுக்கு அப்பா, அம்மா, பிள்ளையை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவாயே, நடுராத்திரியில் சித்ரதுர்காவில் வண்டி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவாய்?"

மும்பையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 1,600 கி.மீ. தொழிற்சாலைக் கணினி உள்ள கார் வழியில் நின்றால், ஸ்கேனர் வைத்திருக்கும் எந்த ஊர்ப் பணிமனையும் பழுதின் குறியீட்டைப் படித்துச் சொல்லும். தனிக் கணினியைப் படிக்க, அதை வயரிங் செய்தவரே வர வேண்டும். அவர் மும்பையில் உறங்கிக்கொண்டிருப்பார்.

இக்கேள்வி நமக்கு உடனே விளங்கியது. வங்கியில் ஒருவர் எழுதும் கணக்கை மற்றொருவர் படித்துச் சரிபார்க்க இயல வேண்டும் என்பது பாலபாடம். எழுதியவர் விடுப்பில் சென்றாலும் கிளை இயங்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே புரியும் பேரேடு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதனை நாம் ஏற்பதில்லை. குடும்பம் பயணம் செய்யும் காரின் கணக்குக்கும் இவ்விதி பொருந்தும்.

தனிக் கணினிக்குரிய இடம்

இதனால் தனிக் கணினி வேண்டாத பொருள் என்று கூறிவிட முடியாது. அதற்குரிய இடம் வேறு. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடம் உள்ளது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில், இந்தியப் பந்தயக் கார்களை வடிவமைத்த எஸ். கரிவரதனின் பெயர் தாங்கிய தடம் இருக்கின்றது. அங்கே ஓடும் கார் தன் கணினியை எழுதியவரையும் உடன் அழைத்து வருகின்றது. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் அட்டவணையைத் திருத்துவார்கள். அங்கே குழந்தை இருக்கையும் இல்லை, நள்ளிரவுப் பயணமும் இல்லை.

கார்புரேட்டர் காலத்துப் பழைய என்ஜினுக்கு டர்போ பொருத்திப் பந்தயத் தடத்திற்கென்றே வண்டி அமைப்போருக்கும் தனிக் கணினி இன்றியமையாதது. திருத்தி எழுதத் தொழிற்சாலைக் கணினியே அவ்வண்டியில் இருக்காது. ஆகவே "எது சிறந்த கணினி?" என்ற கேள்வியைவிட, "இவ்வண்டி யாருக்காக, எங்கே ஓடப்போகின்றது?" என்ற கேள்வியே முதலில் வர வேண்டும்.

சட்டம், காப்பீடு, கடன்

ரீமேப் உட்பட எந்த வழியைத் தேர்ந்தாலும் மூவரைக் கலந்தாக வேண்டும்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். புகை அளவும் வரம்புக்குள் இருக்க வேண்டும். செம்பூர்வாசிகள் வடாலாவிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவது நன்று.

அடுத்து காப்பீடு. காரில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படவோ குறைக்கப்படவோ கூடும். திறன் கூட்டும் ஆசை ஒருவருடையது. விபத்தின் சுமை குடும்பத்தின்மேல் விழும்.

மூன்றாவதாக, கடன் வழங்கிய வங்கி. தவணை முடியும்வரை கார் வங்கியின் பிணையமாகவும் இருக்கின்றது. வாகனக் கடன் ஒப்பந்தங்களில், வங்கியின் ஒப்புதலின்றி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாக இடம்பெறும். கையொப்பமிட்ட பலரும் அதனைப் படித்ததில்லை என்பது நம் அனுபவம்.

பணிமனையில் கண்டது

புறப்படும் முன், "இருக்கிற கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்" என்று அண்ணாச்சி ஸ்கேனரைச் செருகினார். காரைச் சிறிது தூரம் ஓட்டித் திரும்பினார். கணினி கேட்கும் டர்போ அழுத்தம் முழுமையாகக் கிட்டவில்லை. தீப்பொறியும் அடிக்கடி தாமதப்படுத்தப்படுகின்றது எனத் திரையில் தெரிந்தது. டர்போவிலிருந்து வரும் குழாயை இறுக்கும் கிளிப் தளர்ந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக்குகள் தேய்ந்திருந்தன. 105 குதிரைத்திறன் கொண்ட கார் அதுவரை தன் முழுத் திறனைக் காட்டவே இல்லை. அந்நிலையில் எந்தக் கணினியைப் பொருத்தியிருந்தாலும், கசிவின்மேல் கட்டிய கணக்காகவே அது முடிந்திருக்கும்.

பழுதை நீக்க ஆன செலவு, அவர் கட்டவிருந்த ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு. மறுவாரம் கிளைக்கு வந்த இளைஞர் கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "இப்போதுதான் சார் புதுக் கார் ஓட்டுவது போல் இருக்கிறது" என்றார். ஆயினும் அவருடைய ஆசை தீர்ந்துவிடவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை. வாகனக் கடன் முடிந்தபின், போக்குவரத்து அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் எழுத்தில் இசைந்தால் ரீமேப் செய்வதென்றும், அதுவரை மாதம் ரூ.6,145 தொடர் வைப்பில் போடுவதென்றும் முடிவு செய்தார். ஓராண்டில் அசல் மட்டும் ரூ.73,740 சேரும். பொங்கலுக்குக் குடும்பத்துடன் ஊர் சென்று திரும்பிவிட்டதாக ஜனவரி இறுதியில் தகவல் சொன்னார்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து

1. காரின் இப்போதைய நிலை ஸ்கேனரால் பரிசோதிக்கப்பட்டதா? கசிவு, பிளக், உணரிக் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதியாயிற்றா?

2. திருத்துமுன் தொழிற்சாலைக் கோப்பின் படி எடுத்து நம்மிடம் தரப்படுமா? தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திருப்ப இயலுமா?

3. மேப் எந்தப் பெட்ரோலுக்காக எழுதப்படுகின்றது? நாம் அன்றாடம் நிரப்பும் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓட்டிப் பார்த்து, திருத்தத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளைத் தருவார்களா?

4. எழுதியவர் இல்லாதபோது வேறொருவர் அக்கணினியைப் படிக்க இயலுமா, அல்லது கடவுச்சொல்லால் பூட்டிவிடுவாரா?

5. போக்குவரத்து அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், கடன் நிலுவையில் இருப்பின் வங்கி ஆகிய மூன்றிடமிருந்தும் எழுத்து மூலம் பதில் பெற்றாயிற்றா?

இவ்வைந்துக்கும் தெளிவான விடை கிடைத்தபின் செலவழிக்கும் தொகை வீணாகாது. விடை கிடைக்காதவரை, தொழிற்சாலை தந்த கணக்குப்பிள்ளையையே நம்பி இருப்பது நலம். ஐயமிருப்பின் மதிப்பீட்டுத் தாளுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். என்ஜினைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவுதான். எனினும் ஒரு மதிப்பீட்டில் எது எழுதப்படவில்லை என்பதை உங்களுடன் அமர்ந்து தேடிப் பார்க்க நம்மால் இயலும்.